பக்கத்தில் ஆடியவர் யார்?

2005 நவம்பர் 30 அன்று, வட அமெரிக்காவின் தேசிய ஐஸ் ஹாக்கி லீகில் (NHL) ஆடும் பாஸ்டன் புரூயின்ஸ் அணி தன் கேப்டன் ஜோ தார்ன்டனை சான் ஹோசே ஷார்க்ஸுக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு மூன்று ஆட்டக்காரர்களை வாங்கிக்கொண்டது. அதுவரை ஷார்க்ஸின் வலது விங்கர் ஜோனதன் சீச்சூ 24 ஆட்டங்களில் 7 கோல் அடித்திருந்தார். தார்ன்டன் வந்த பிறகு மீதி 58 ஆட்டங்களில் அவர் அடித்தது 49. சீசன் முடிந்தபோது மொத்தம் 56 கோலோடு, லீகில் அதிக கோல் அடித்தவருக்கான ராக்கெட் ரிச்சர்ட் கோப்பை அவருடையதாயிற்று. 29 கோல், 96 அசிஸ்ட், ஆக 125 புள்ளி எடுத்த தார்ன்டனுக்கு அதிகப் புள்ளிகளுக்கான ஆர்ட் ராஸ் கோப்பையும், சிறந்த ஆட்டக்காரருக்கான ஹார்ட் கோப்பையும் கிடைத்தன. நியூயார்க் ரேஞ்சர்ஸின் யாரோமிர் யாகர்தான் பாவம். 123 புள்ளி, 54 கோல் எடுத்தும், ஒரே லைனில் ஆடிய இரண்டு பேரிடம் இரண்டு பட்டங்களையும் தலா இரண்டு எண்ணிக்கையில் கோட்டைவிட்டார்.

‘சீச்சூவை உருவாக்கியவர் தார்ன்டன்’ என்ற தீர்ப்பு அந்த ஆண்டே எழுதப்பட்டுவிட்டது. ஐஸ் ஹாக்கி ரசிகர்களிடம் இன்றைக்குக் கேட்டாலும், நட்சத்திரத்தின் நிழலில் எண்ணிக்கை ஊதிப்பெருத்த முன்கள வீரருக்கு முதல் உதாரணமாகச் சீச்சூவைத்தான் சொல்வார்கள். அந்தத் தீர்ப்பு பாதிதான் சரி என்பது என் எண்ணம். மீதிப் பாதி ஏன் சரியில்லை என்று பார்க்கப் போனால், இந்த விளையாட்டில் ஒரு தனிமனிதரை எண்களால் எந்த அளவுக்குப் பிரித்தெடுக்க முடியும் என்ற கேள்வியில் போய் முட்டிக்கொள்வோம்.

முதலில் ஆட்டத்தின் அமைப்பு. பனித்தளத்தில் ஒரு பக்கத்துக்குக் கோல்கீப்பர் போக ஐந்து பேர். அதில் மூவர் முன்கள வீரர்கள்: நடுவில் சென்டர், இரு பக்கமும் விங்கர்கள். இந்த மூவர் கூட்டுக்குப் பெயர் லைன். அணிக்கு நான்கு லைன்கள் உண்டு. முக்கால் நிமிடத்துக்கு ஒருமுறை, ஆட்டம் நிற்காமலேயே மாறி மாறி இறங்குவார்கள். கோல் விழுந்தால் அடித்தவருக்கு ஒரு புள்ளி. அதற்கு முன் பக்கை (பந்துக்குப் பதிலாக இந்த ஆட்டத்தில் அடிக்கும் வட்டத் தட்டை) தொட்டுக் கொடுத்தவர்களில் அதிகபட்சம் இரண்டு பேருக்கு அசிஸ்ட் என்று ஆளுக்கொரு புள்ளி. கோல்கீப்பரைத் தலைசுற்ற வைத்த பாஸுக்கும், தன் எல்லையிலிருந்து சும்மா தள்ளிவிட்ட பாஸுக்கும் கணக்கேட்டில் ஒரே மதிப்பு. இரண்டாவது அசிஸ்ட் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு தாறுமாறாக மாறுவதையும், முதல் அசிஸ்ட் அவ்வளவு அலைபாயாததையும் புள்ளியியல் ஆர்வலர்கள் பல முறை காட்டியிருக்கிறார்கள். ஆனாலும் ஒப்பந்தப் பேச்சு நடக்கும் மேசைக்குப் போகிறபோது எல்லாம் கூட்டி ஒரே எண்ணாகத்தான் போகிறது.

இனி சீச்சூ. ஒண்டாரியோவின் வடபகுதியில் உள்ள மூஸ் ஃபாக்டரியைச் சேர்ந்த கிரீ பழங்குடியினர் அவர். தார்ன்டனைக் கண்ணில் பார்ப்பதற்கு முன்பே, 2003-04 சீசனில் 28 கோல் அடித்தவர். அப்படியானால் அவர் ஒன்றுமில்லாத ஆள் அல்ல. ஆண்டுக்கு 25, 30 கோல் தரக்கூடிய நல்ல விங்கர். தார்ன்டன் அவரை வெறுங்கையிலிருந்து உருவாக்கவில்லை, இரட்டிப்பாக்கினார். எப்படி என்பதும் தெரிந்த விஷயம்தான். ஆறடி நாலங்குல உயரம், நீண்ட கைகள். ஓரச்சுவரை ஒட்டியோ கோல்வலைக்குப் பின்னாலோ தார்ன்டன் பக்கை மட்டையில் வைத்துக்கொண்டு நின்றால் பிடுங்குவது கடினம். அவர் எங்கே தள்ளப்போகிறார் என்று பார்க்கக் கோல்கீப்பர் தலையைத் திருப்பியாக வேண்டும். அந்த நொடியில் எதிரே உள்ள காலியிடத்தில் சீச்சூ மட்டையை ஓங்கியபடி நிற்பார். வந்த பக்கை நிறுத்தாமல் அடித்துவிடுவார். தளத்தை நீளவாக்கில் பிரிக்கும் கற்பனை நடுக்கோட்டைக் குறுக்கே கடந்து வரும் பாஸிலிருந்து அடிக்கும் ஷாட் கோலாகும் வாய்ப்பு, நின்று நிதானித்து அடிக்கும் ஷாட்டைவிட மிக அதிகம். கோல்கீப்பர் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு நகர வேண்டியிருக்கிறது என்பதே காரணம்.

சரி, அதே லைனில் மூன்றாவதாக ஆடியவர் யார்? பெரும்பாலும் ஸ்வீடன்காரரான நில்ஸ் எக்மன். தார்ன்டன் இல்லாத 2003-04இல் அவர் அடித்தது 22 கோல். தார்ன்டன் வந்த 2005-06இல் 21. அதே சென்டர், அதே பனி, அதே பாஸ்கள். ஒருவருக்கு எண்ணிக்கை இரு மடங்கு, இன்னொருவருக்கு ஒன்று குறைவு. நட்சத்திரத்தின் பக்கத்தில் நின்றாலே கோல் கொட்டும் என்றால் எக்மனுக்கும் கொட்டியிருக்க வேண்டாமா? தார்ன்டன் தேடியது ஒரு குறிப்பிட்ட வகை ஆளை: காலியிடத்துக்கு நேரத்தோடு வந்து, பக்கைத் தடவிக்கொண்டிராமல் உடனே அடிப்பவரை. சீச்சூ அந்த வகை. எக்மன் வேறு வகை.

தீர்ப்பைக் குலைக்கும் இன்னொரு சங்கதியும் உண்டு. சீச்சூவின் வீழ்ச்சி, தார்ன்டனை விட்டுப் பிரிந்த பிறகு நடந்ததல்ல. 56, பிறகு 37, பிறகு 23, பிறகு 12: இத்தனை இறக்கமும் இருவரும் ஒரே அணியில் இருந்தபோதே நிகழ்ந்தது. 2009இல் ஒட்டாவாவுக்கு அனுப்பப்பட்டு அங்கே 61 ஆட்டங்களில் 5 கோல் அடித்தது கதையின் கடைசிப் பக்கம் மட்டுமே. இடையில் அவருக்கு அடிவயிற்றுக் காயத்துக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. தார்ன்டன் பக்கத்து இடமும் மெல்லக் கைமாறியது. 2008-09இல் அங்கே ஆடி 31 கோல் அடித்தவர் டெவின் செடோகுச்சி. இடம் போனதால் கோல் குறைந்ததா, கோல் குறைந்ததால் இடம் போனதா? உடம்பு தளர்ந்ததால் இரண்டும் போயினவா? புள்ளிப் பட்டியலை எத்தனை முறை புரட்டினாலும் விடை வராது.

ஒன்றை மட்டும் ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். சீச்சூவின் கோல்கள் 37ஆகக் குறைந்த அதே 2006-07இல் தார்ன்டன் மீண்டும் 92 அசிஸ்ட் எடுத்தார். ஆகவே தார்ன்டனின் பாஸ் சீச்சூவை நம்பி இருக்கவில்லை. ஆனாலும் ‘யார் யாரை உருவாக்கினார்’ என்ற கேள்வியைத் திருப்பிக் கேட்டவர்கள் அன்றைக்கு அதிகம் பேர் இல்லை என்பதுதான் எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. 96 அசிஸ்டில் எத்தனை, சீச்சூ தவறவிடாமல் அடித்ததால் மட்டுமே அசிஸ்ட் ஆயிற்று? வரவு எப்போதும் பெரிய பெயரை நோக்கியே ஓடுகிறது.

இந்தக் குழப்பத்தை எண்களாலேயே தீர்க்கப் பார்த்தவர்கள் உண்டு. பழைய கருவி பிளஸ்-மைனஸ். ஒருவர் பனியில் இருக்கும்போது தன் அணி கோல் அடித்தால் கூட்டல் ஒன்று, வாங்கினால் கழித்தல் ஒன்று. எதிரணியில் ஆள் குறைந்த பவர் பிளே நேரத்தில் அடித்த கோல்கள் இதில் சேராது. மாண்ட்ரியல் கனேடியன்ஸ் 1950களிலேயே தங்களுக்குள் வைத்திருந்த கணக்கு இது; 1967-68 முதல் லீகின் அதிகாரப்பூர்வ ஏட்டில் ஏறியது. இதன் லட்சணத்தைக் காட்ட அலெக்ஸ் ஒவெச்கின் ஒருவரே போதும். 2013-14இல் 51 கோல் அடித்து லீகிலேயே முதலிடம். அதே சீசனில் அவருடைய பிளஸ்-மைனஸ் கழித்தல் 35. அவர் கோல்களில் ஏறக்குறைய பாதி பவர் பிளேயில் வந்ததால் கணக்கில் ஏறவில்லை. சம ஆள் ஆட்டத்தில் உடன் ஆடியவர்களின் ஷாட்டுகள் உள்ளே போகவில்லை, தன் கோல்கீப்பர் பின்னால் விட்ட கோல்கள் எல்லாம் அவர் தலையில் ஏறின. அவர் தற்காப்பில் அக்கறை காட்டாதவர் என்பது உண்மையாகவே இருக்கட்டும். அதற்காக, அதிக கோல் அடித்தவரை லீகின் மிக மோசமானவர்களில் ஒருவராகக் காட்டும் அளவுகோலை நம்ப முடியுமா?

கோல் அரிதாக விழும் விளையாட்டில் கோலை மட்டும் எண்ணினால் அதிர்ஷ்டமே பெரும்பங்கு வகிக்கும். டிம் பார்ன்ஸ் என்ற எட்மண்டன் ஆயிலர்ஸ் ரசிகர், கோலுக்குப் பதிலாக, வலையை நோக்கி அடித்த எல்லாவற்றையும் எண்ணலாம் என்றார்: உள்ளே போனது, தடுக்கப்பட்டது, குறி தவறியது, நடுவில் யாரோ மறித்தது எல்லாமே. பஃபலோ அணியின் கோல்கீப்பர் பயிற்சியாளர் ஜிம் கோர்சி தன் கோல்கீப்பர்களின் வேலைச்சுமையை அறிய இப்படி எண்ணிவந்ததால் அதற்குக் கோர்சி என்றே பெயரும் வைத்தார். கோர்சியின் மீசை பிடித்துப்போனதும் ஒரு காரணம் என்று பின்னால் சொன்னார். ரசிகர் வைத்த பெயரை லீக் ஏற்கவில்லை. ஆனால் கணக்கை ஏற்று 2015இல் தன் இணையதளத்தில் வேறு பெயரில் வெளியிடத் தொடங்கியது. கோர்சி அதிர்ஷ்டத்தின் பங்கைக் குறைத்தது உண்மை. கூட ஆடுபவரின் பங்கை அது தொடவில்லை. ஒரே லைனில் எப்போதும் சேர்ந்தே இறங்கும் மூன்று பேருக்கும் ஒரே கோர்சிதான் வரும்.

அதற்கு வந்த மருந்து, ‘உன்னோடும் நீயின்றியும்’ என்கிற ஒப்பீடு. இரண்டு பேர் சேர்ந்திருந்தபோது அணிக்கு எவ்வளவு, முதலாமவர் தனியாக இருந்தபோது எவ்வளவு, இரண்டாமவர் தனியாக இருந்தபோது எவ்வளவு என்று மூன்று எண்களை வரிசையில் வைப்பது. பார்த்தவுடன் விளங்கும், ஏமாற்றுவதும் அதே வேகத்தில்தான். பேச்சுக்கு ஒரு கணக்கு போடுவோம். ஒரு சென்டரும் விங்கரும் சேர்ந்து 600 நிமிடம் ஆடி, மொத்த ஷாட்டுகளில் 56 சதவீதம் தங்கள் பக்கம் வைத்திருந்தார்கள். விங்கர் இல்லாத 300 நிமிடத்தில் சென்டருக்கு 53. சென்டர் இல்லாத 60 நிமிடத்தில் விங்கருக்கு 46. விங்கரைச் சென்டர் சுமக்கிறார் என்று யாரும் சொல்லிவிடுவார்கள். ஆனால் விங்கர் காயம்பட்டு உட்கார்ந்தபோது சென்டருக்குத் துணையாக வந்தவர் அணியின் அடுத்த சிறந்த விங்கர். விங்கர் தனியாக ஆடிய அந்த 60 நிமிடமோ, பயிற்சியாளர் கோபத்தில் அவரை நான்காம் லைனுக்கு இறக்கிய நாட்கள். போதாக்குறைக்கு 60 நிமிடம் என்பது எதையும் தீர்மானிக்கப் போதாத நேரம். 53க்கும் 46க்கும் இடையிலுள்ள தூரத்தில் எவ்வளவு விங்கருடையது, எவ்வளவு அவருக்கு வாய்த்த துணைகளுடையது என்று இந்த மூன்று எண்கள் சொல்லவே சொல்லாது.

இதையும் தாண்டிச் சென்றவர்கள் ஒவ்வொரு ஷிஃப்ட்டையும், அதாவது ஆட்டக்காரர்கள் பனியில் இறங்கி மாறும் ஒவ்வொரு முறையையும், ஒரு சமன்பாடாக எழுதினார்கள். பனியில் இருந்த பத்துப் பேரும் பத்துத் தெரியாத எண்கள். அந்த ஷிஃப்ட்டில் விழுந்த ஷாட்டுகள் விடை. ஒரு சீசனில் இப்படி லட்சக்கணக்கில் சேரும் சமன்பாடுகளைக் கணினியில் தீர்த்தால், துணைகளின் பங்கும் எதிரிகளின் பங்கும் கழிந்து ஒவ்வொருவருக்கும் ஒரு தனி மதிப்பு கிடைக்கும். 2010களில் இந்த முறை ஹாக்கியில் வேரூன்றியது. நல்ல முறைதான். துணைகள் அடிக்கடி மாறும் ஆட்டக்காரர்களுக்கு இதைவிட நேர்மையான அளவுகோல் நான் அறிந்து வேறில்லை.

அது தடுக்கி விழும் இடத்துக்குப் பெயர் செடின். வான்கூவர் கனக்ஸின் ஹென்ரிக்கும் டேனியலும் இரட்டைப் பிறவிகள். அணிகள் முறைவைத்து இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் 1999இல் இரண்டாவது, மூன்றாவது இடங்களில் அடுத்தடுத்து எடுக்கப்பட்டு, தங்கள் ஆட்டக்காலம் முழுவதையும் ஒரே அணியில், பெரும்பாலும் ஒரே லைனில் கழித்தவர்கள். இரண்டு மாடுகளும் எப்போதும் ஒரே நுகத்தடியில் பூட்டப்பட்டிருந்தால், வண்டியை எது எவ்வளவு இழுத்தது என்று வண்டியின் வேகத்தை வைத்துச் சொல்ல முடியாது. சமன்பாடும் அங்கே கையை விரித்துவிடும். தீர்க்க முடியாத இடத்தில் இருவருக்கும் ஏறக்குறைய சமமாகப் பங்கிட்டு வைப்பதுதான் அதன் வழக்கம். அது கண்டுபிடிப்பு அல்ல, ஒப்பந்தம். அதைச் சரிசெய்யச் சிலர் கோல், அசிஸ்ட் எண்ணிக்கையையே முன்மதிப்பாக உள்ளே ஊட்டுகிறார்கள். எதிலிருந்து தப்பிக்கக் கிளம்பினோமோ அதையே பின்வாசல் வழியாக அழைத்து வருவதுபோல எனக்குப் படுகிறது.

செடின்களுக்கு ஒரே ஒரு நல்ல இயற்கைச் சோதனை வாய்த்தது. 2009-10இல் கால் எலும்பு முறிந்ததால் டேனியல் 63 ஆட்டங்களே ஆடினார். எடுத்த புள்ளிகள் 85. 82 ஆட்டங்களும் ஆடிய ஹென்ரிக் தம்பி இல்லாத வாரங்களிலும் தளராமல் 112 புள்ளி எடுத்து ஆர்ட் ராஸ், ஹார்ட் இரண்டையும் வாங்கினார். தம்பி இல்லாமல் அண்ணன் இல்லை என்ற பேச்சு அத்தோடு அடங்கியது. அடுத்த ஆண்டு 104 புள்ளியோடு ஆர்ட் ராஸ் டேனியலுக்கு வந்தது. அப்போது அவர்களின் பயிற்சியாளர் அலென் வினோ, ஆட்டம் எதிரணி எல்லையில் தொடங்கும் நேரங்களைச் செடின்களுக்கும், சொந்த எல்லையில் தொடங்கும் நேரங்களை இன்னொரு சென்டரான மேனி மல்ஹோத்ராவுக்கும் ஒதுக்கிவைத்திருந்தார் என்பதையும் சேர்த்தே அந்த எண்ணிக்கையைப் படிக்க வேண்டும்.

மூன்றாவது இடம்தான் இன்னும் சுவையானது. 2005-06இல் அந்த இரட்டையர் பக்கத்தில் ஆடி 33 கோல் அடித்த ஆன்சன் கார்ட்டர், அடுத்த ஆண்டே கொலம்பஸ் போனார். 33இன் பாதியைக்கூட எட்டவில்லை. பின்னால் அதே இடத்துக்கு வந்தவர் அலெக்ஸ் பரோஸ். டிராஃப்டில் எவரும் தொடாமல், கீழ்நிலை லீகுகளில் அலைந்து மேலே ஏறியவர். 2009-10இல் அவர் அடித்தது 35. இரட்டையர் பக்கத்தில் யார் நின்றாலும் கோல் வரும் என்ற ஒரே பாடத்தைக் கார்ட்டரும் பரோஸும் சொல்வதாகத் தோன்றலாம். நான் அப்படிப் படிக்கவில்லை. அந்த இடத்தில் வேறு பலரும் ஆடிப்பார்த்தார்கள்; நிலைத்தவர்கள் கைவிரல் எண்ணிக்கையில்தான்.

துணையைப் பிரித்துப் பார்த்ததும் சந்தேகம் பொய்த்துப்போன கதைகளை வேகமாகச் சொல்லிவிடலாம். சிகாகோவில் பேட்ரிக் கேன் பக்கத்தில் ஆடி 2015-16இல் 77 புள்ளியோடு சிறந்த புதுமுகம் ஆன ஆர்டெமி பனாரினை, கேனின் தயவில் வளர்ந்தவர் என்றார்கள். 2017இல் கொலம்பஸுக்கு மாற்றப்பட்டதும் அவர் எடுத்தது 82. சிகாகோவில் கேனுக்கு 76தான். எட்மண்டனில் கானர் மெக்டேவிட் இல்லாவிட்டால் லியோன் டிரைசாய்ட்டல் யார் என்று கேட்டார்கள். 2019-20இன் பிற்பாதியில் அவர் நியூஜென்ட்-ஹாப்கின்ஸ், யமமோட்டோ ஆகியோரோடு தனி லைன் அமைத்து, 71 ஆட்டங்களில் 110 புள்ளியோடு ஹார்ட் கோப்பையை வாங்கினார். பாஸ்டனில் சென்டர் பெர்ஜரன் 2023இல் ஓய்வுபெற்ற பிறகு விங்கர் பாஸ்டர்நாக் சரிவார் என்று எதிர்பார்த்தவர்களுக்கு அவர் அடுத்த சீசனில் 110 புள்ளி எடுத்துக் காட்டினார்.

மறுபக்கமும் இருக்கிறது. 1984-85இல் புதுமுகம் மாரியோ லெமியூவோடு பிட்ஸ்பர்க்கில் ஆடி 40 கோல் அடித்த வாரன் யங், அதை வைத்து டெட்ராய்ட்டில் நல்ல ஒப்பந்தம் பெற்றார். அங்கே 22தான் வந்தது. ராப் பிரவுன் 1988-89இல் லெமியூ பக்கத்தில் 49 கோல், 115 புள்ளி. லெமியூவுக்கு அந்த ஆண்டு 199 புள்ளி என்பதை நினைவில் வைத்தால் வியப்பு அடங்கிவிடும்.

என் வாதத்துக்கு மிகப் பொருத்தமான ஆள் கிரிஸ் குனிட்ஸ். அவரையும் டிராஃப்டில் யாரும் எடுக்கவில்லை. பிட்ஸ்பர்க்கில் சிட்னி கிராஸ்பியின் இடது விங்கர். 2014 சோச்சி ஒலிம்பிக்கிற்குக் கனடா அவரைத் தேர்ந்தபோது நாடே கொதித்தது. காரணம், கிளாட் ஜிரூவுக்கு இடமில்லை. முந்தைய சீசனின் ஆர்ட் ராஸ் வென்ற மார்ட்டின் செயின்ட் லூயிக்கும் முதல் பட்டியலில் இடமில்லை. கிராஸ்பியின் நண்பன் என்பதால் இடம் கிடைத்தது என்று எழுதினார்கள். குனிட்ஸ் அந்தத் தொடரில் ஒரே ஒரு கோல்தான் அடித்தார். அது ஸ்வீடனை 3-0 என்று வென்ற இறுதி ஆட்டத்தில். ஒரு கோலை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. கனடா அந்தத் தொடரில் ஆறு ஆட்டங்களில் வாங்கியது மொத்தம் மூன்று கோல் என்பதைத்தான் நான் பார்ப்பேன். பக்கைத் துரத்திப் பிடுங்கும், எதிரணியின் தற்காப்பு வீரரை ஓரத்தில் முட்டி நிறுத்தும், கோல்கீப்பரின் கண்ணை மறைத்து நிற்கும் ஆட்களால் ஆன அணி அது. அந்த வேலைகள் எதற்கும் புள்ளி கிடையாது. நட்சத்திரத்துக்குப் பக்கை மீட்டுக் கொடுப்பது ஒரு திறமை. நட்சத்திரத்தின் எண்ணிக்கையிலும் அந்தத் திறமையின் பங்கு இருக்கிறது.

அது எல்லோருக்கும் வராது என்பதற்கு எட்மண்டன் ஆயிலர்ஸ் சாட்சி. மெக்டேவிட்டுக்குத் துணையாக மிலன் லூச்சிச்சை 2016இல் ஏழு ஆண்டுக்கு 4.2 கோடி டாலர் கொடுத்து எடுத்தார்கள். அவர் அடித்தவை 23, 10, 6. மூன்றே சீசனில் வேறு அணிக்கு அனுப்பினார்கள். 2021இல் டொராண்டோவிலிருந்து ஸாக் ஹைமன் வந்தார். அங்கே அவருடைய உச்சம் 21 கோல். மெக்டேவிட் பக்கத்தில் 27, 36, பிறகு 31 வயதில் 54. இருவருக்கும் கிடைத்தது உலகின் அதே தலைசிறந்த சென்டர். ஹைமன் வலையின் வாசலில் இடம்பிடித்து நிற்கிறார். மெக்டேவிட்டின் வேகத்துக்கு லூச்சிச்சின் கால்கள் ஈடுகொடுக்கவில்லை. ‘மெக்டேவிட்டோடு ஆடினால் யார்தான் அடிக்க மாட்டார்கள்?’ என்ற கேள்விக்குப் பெயர் சொல்லியே விடை கொடுக்கலாம்.

2021-22 முதல் லீக் பக்குக்குள்ளும் ஆட்டக்காரர்களின் சட்டையிலும் உணர்கருவிகளைப் பொருத்தி, ஒவ்வொருவரும் எந்த நொடியில் எங்கே நின்றார் என்று பதிவு செய்கிறது. பக் கையில் இல்லாதபோது ஒருவர் எடுத்த ஓட்டம், திறந்துகொடுத்த வழி, இழுத்துச் சென்ற எதிராளி இவற்றையெல்லாம் எண்ணுவதற்கு முதன்முறையாக வழி பிறந்திருக்கிறது. அதில் வேகம், தூரம் போன்ற மேலோட்டமான சிலவற்றை மட்டும் பொதுமக்கள் பார்க்கிறார்கள். முழுப் பதிவும் அணிகளின் அலுவலகங்களில். வேதியியலில் முனைவர் பட்டம் பெற்று, எதிரணி எல்லைக்குள் பக்கைக் கையில் வைத்தபடி நுழைவது தூக்கிப் போட்டுத் துரத்துவதைவிட இரு மடங்குக்கு மேல் ஷாட்டுகளைத் தருகிறது என்று ஆட்டங்களைப் பார்த்து எண்ணிச் சொன்ன எரிக் டல்ஸ்கி, 2024இல் கரோலினா அணியின் பொது மேலாளர் ஆனார். அவருக்குத் தெரிவது இனி நமக்குத் தெரிய வாய்ப்பில்லை.

ஆனால் அந்த அலுவலகங்களிலும் செடின் சிக்கல் அப்படியேதான் இருக்கும். பயிற்சியாளர் லைன்களை அமைப்பது ஆய்வாளருக்குச் சுத்தமான தரவு கிடைக்க அல்ல, அன்றைய ஆட்டத்தை வெல்ல. எட்மண்டன் பின்தங்கியதும் மெக்டேவிட்டையும் டிரைசாய்ட்டலையும் ஒரே லைனில் சேர்ப்பார்கள். முன்னணியில் இருக்கும் எதிரணி அந்நேரம் பின்வாங்கித் தற்காக்கும். ஷாட்டுகள் தாமாகவே எட்மண்டன் பக்கம் கூடும். ‘சேர்ந்திருந்தபோது’ என்ற கட்டத்தில் விழும் நிமிடங்களில் கணிசமானவை இப்படிப்பட்டவை. ‘தனித்தனியாக’ என்ற கட்டத்தில் விழுபவை ஆட்டம் சமநிலையில் இருந்தபோது ஆடியவை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறவர் ஆட்டக்காரர்களை மட்டுமல்ல, ஸ்கோர்போர்டையும் பயிற்சியாளரின் பதற்றத்தையும் சேர்த்தே அளந்துகொண்டிருக்கிறார்.